பலிபீடத்துக்குப் பின்னால் ஒரு கணக்கப்பிள்ளை

கேள்வியைப் பார்க்காமல் இந்தப் பதிலுக்கு நேரே வருபவர்களுக்காக முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு மிகுபுனைவுத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இருள் தெய்வங்களைக் கும்பிடும் கூட்டம் ஒன்று உலகம் முழுவதையும் பிடித்து 300 வருடமாக ஆள்கிறது. முதல் அத்தியாயத்தில் கறுப்பு அங்கி போட்ட வீரர்கள் ஒரு கிராமத்துக்குள் புகுந்து, கதறக் கதற ஒரு பெண்ணைப் பலிக்கு இழுத்துப் போகிறார்கள். படித்துப் பார்த்த நண்பர்கள் "நல்லா இருக்கு, ஆனா நம்ப முடியல" என்கிறார்கள். இப்படி ஓர் ஆட்சி வரலாற்றில் இருந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது அது இல்லை என்று நினைக்கிறேன். பலி கேட்கும் சாமியின் ஆட்சியில் மூன்று நூற்றாண்டு ஜனங்கள் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள்? வீரர்கள் போன மறுநாள் காலையில் அந்த ஊரில் என்ன நடந்தது? உங்கள் அத்தியாயத்தில் இதற்குப் பதில் இல்லை. நண்பர்களுக்குத் தட்டுப்பட்டதும் அந்த இடம்தான்.

நான் கல்லூரியில் பழங்காலப் பேரரசுகளைப் பற்றி 20 வருடத்துக்கு மேல் பாடம் எடுத்தவன். கதை எழுதத் தெரியாது, அதனால் உங்கள் நடை, பாத்திரம் பற்றியெல்லாம் வாய் திறக்க மாட்டேன். ஆட்சி எப்படி நடக்கும் என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நேரடிப் பதில் இதுதான்: மனிதப் பலியை அரசு விழாவாகவே நடத்திய பேரரசுகள் உண்டு. வெறும் பயத்தை மட்டும் வைத்து 300 வருடம் ஓட்டிய பேரரசு எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

முதலில் "இருள் தெய்வம்" என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயரை வைத்தது யார்? கும்பிடுகிறவன் வைத்திருக்க மாட்டான். மெக்சிகோ பள்ளத்தாக்கில் இருந்து ஆண்ட மெஷிக்கா மக்களை நாம் அஸ்டெக் என்கிறோம். அவர்களுடைய போர்த் தெய்வம், சூரியனோடு சேர்த்துக் கும்பிடப்பட்ட தெய்வம், மனித இதயம் கேட்ட தெய்வம், ஹுயிட்சிலோபோச்ட்லி. பெயரைக் கேட்டாலே பல் உடையும். பொருள் என்ன தெரியுமா? தெற்கு அல்லது இடப்பக்கத்து ஓசனிச்சிட்டு. பூவில் தேன் குடிக்கும் அந்தச் சின்னஞ்சிறு பறவைதான். அவர்களுக்கு அது இருட்டோடு தினமும் சண்டை போட்டு வெளிச்சத்தைக் கொண்டுவரும் சாமி. அது பசியால் சோர்ந்தால் மறுநாள் விடியாது. அதைப் "பிசாசு" என்று எழுதி வைத்தது 1519இல் கடல் தாண்டி வந்த ஸ்பானியர்கள். நம்மூர்ச் சங்கதியும் இதுதானே? கறுப்பு என்று பெயரிலேயே வைத்திருக்கும் சாமி ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கிறார். கிடா வெட்டுகிறோம், சாராயம் படைக்கிறோம், சுருட்டைப் பற்றவைத்து வைக்கிறோம். அவரை இருள் தெய்வம் என்று யாராவது சொல்லிவிட்டு ஊருக்குள் நடந்துவிட முடியுமா? எந்த வழிபாடு நல்லது, எது காட்டுமிராண்டித்தனம் என்று வெளியே இருந்து ஓர் அரசு முடிவு செய்வதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆடு, கோழி பலியைத் தடுக்க 1950இல் கொண்டுவந்த சட்டம் பல வருடம் தூங்கிக் கிடந்தது. 2003இல் அதைக் கறாராக அமல்படுத்தச் சொன்னார்கள். கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பி, 2004இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். ஆட்டுக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும், சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் வில்லன்கள் தங்கள் சாமியை என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள், குழந்தையைத் தூங்கவைக்க அந்தச் சாமியைப் பற்றி என்ன பாட்டுப் பாடுகிறார்கள் என்று நீங்கள் யோசித்தாக வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. "இருளின் ஊழியர்கள் நாங்கள்" என்று தங்களையே அழைத்துக்கொள்கிற கூட்டம் நாடகத்தில்தான் வரும்.

அடுத்து, ஆட்சி என்றால் வாள் இல்லை, வரி. மெஷிக்காக்களின் தலைநகரம் டெனோச்டிட்லான், ஏரி நடுவே ஒரு தீவு. 1428இல் பக்கத்து நகரங்கள் இரண்டோடு கூட்டணி போட்டு, அதுவரை தங்களை அடக்கி வைத்திருந்த அஸ்கபோட்சால்கோவை வீழ்த்தினார்கள். அங்கிருந்து 1521 வரை அவர்கள் காலம். கணக்குப் பார்த்தால் நூறு வருடம்கூட இல்லை. இந்தப் பேரரசு எப்படி இயங்கியது என்பது நமக்கு நன்றாகவே தெரியும். ஸ்பானியர் வந்த பிறகு, 1541ஐ ஒட்டி, பழைய பட்டியல்களைப் பார்த்து வரைந்த ஓவியச் சுவடி ஒன்று இருக்கிறது. அதில் 38 மாகாணங்கள் என்னென்ன கட்ட வேண்டும் என்று படம் படமாக இருக்கிறது. பருத்திப் போர்வை இத்தனை, கொக்கோ மூட்டை இத்தனை, சிறுத்தைத் தோல், பச்சை இறகு, சாம்பிராணி போல எரிக்கும் கோபால் பிசின், மக்காச்சோளக் குதிர், உயிரோடு ஒரு கழுகு. சில பொருள்களுக்கு 80 நாளுக்கு ஒருமுறை தவணை, சிலதுக்கு வருடத்துக்கு ஒருமுறை. அந்தப் பட்டியலில் மனித இதயம் என்று ஒரு வரிகூட இல்லை. பலிக்குப் போனவர்களில் பெரும்பகுதி போர்க் கைதிகள், கொஞ்சம் பேர் அடிமைகள். வரி கட்டும் ஊருக்குத் தினசரி வாழ்க்கையில் மெஷிக்கா என்றால் தறிக்கட்டை. யார் வீட்டுப் பெண்கள் இந்தத் தவணைக்கு எத்தனை போர்வை நெய்ய வேண்டும் என்ற சண்டை. பெரும்பாலான ஊர்களில் பழைய தலைவனையே நாற்காலியில் விட்டுவைத்தார்கள். வரி வந்து சேர்ந்தால் போதும், உன் ஊர்ப் பஞ்சாயத்தை நீயே பார்த்துக்கொள். உங்கள் கதையில் எல்லா ஊரிலும் கறுப்பு அங்கிப் படை முகாம் போட்டிருக்கிறது. அவ்வளவு பேருக்குச் சோறு யார் போடுவது என்று உங்கள் கணக்கப்பிள்ளை முதல் வருடத்திலேயே கேட்டிருப்பார்.

இந்த இடத்தில் ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1519இல் ஸ்பானியர்கள் கடற்கரையோரம் டோடோனாக் மக்களின் ஊரில் தங்கியிருக்கிறார்கள். மெஷிக்கா வரி அதிகாரிகள் 5 பேர் வருகிறார்கள். அந்த ஸ்பானியப் படையில் இருந்த ஒருவர் வயதான பிறகு எழுதியது இது: அதிகாரிகள் நல்ல உடை உடுத்தி, கையில் ஆளுக்கொரு பூங்கொத்து பிடித்து, அதை முகர்ந்துகொண்டே, ஸ்பானியர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனார்களாம். பின்னால் ஈ ஓட்ட வேலையாட்கள். ஊர்த் தலைவர்களுக்கு நடுக்கம். எங்கள் அனுமதி இல்லாமல் அந்நியரைத் தங்கவைத்த குற்றத்துக்கு ஆணும் பெண்ணுமாக 20 பேரைப் பலிக்குக் கொடு என்று கேட்டார்கள். எழுதியவர் ஜெயித்த கட்சிக்காரர், அதுவும் பல பத்தாண்டு கழித்து எழுதியது, அதனால் 20 என்ற எண்ணை நான் கையில் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பூங்கொத்து இருக்கிறதே, அதை யாரும் சும்மா இட்டுக்கட்ட மாட்டார்கள். கறுப்பு அங்கி தேவையே இல்லை. கத்தியும் தேவை இல்லை. ஐந்து பேர் பூ முகர்ந்துகொண்டு வந்தால் ஒரு ஊர் நடுங்குகிறது என்றால், அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய இயந்திரம் இருக்க வேண்டும் என்று வாசகர் தானே ஊகித்துக்கொள்வார்.

எண்ணிக்கை விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்களும் "தினம் ஆயிரம் பேர்" என்று எழுதியிருக்கிறீர்கள். 1487இல் டெனோச்டிட்லானின் பெருங்கோயிலை விரிவாக்கிக் குடமுழுக்கு போல ஒரு விழா எடுத்தார்கள். அதில் 80,400 பேர் பலியானதாகப் பிற்கால நூல் ஒன்று சொல்கிறது. இதை இன்று அநேகமாக எந்த ஆய்வாளரும் அப்படியே ஏற்பதில்லை. நாலே நாளில் அத்தனை பேரைக் கொல்வதும், உடல்களை அப்புறப்படுத்துவதும் நடக்கிற காரியம் இல்லை. அதற்காக எல்லாமே ஸ்பானியர் கட்டிவிட்ட கதை என்று சொல்வதும் தப்பு. மெக்சிகோ நகரத்தில் 2015இல் தொடங்கிய அகழாய்வில், மண்டை ஓடுகளை அடுக்கிக் கட்டிய கோபுரம் ஒன்று கிடைத்தது. 2020 வரை அறுநூற்றுச் சொச்சம் மண்டை ஓடுகளை எண்ணியிருக்கிறார்கள். போர் வீரர்கள் மட்டும் இல்லை, பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஆக, பலி நடந்தது உறுதி. அரசு செலவில், ஊரறிய, பெரிய அளவில் நடந்தது என்பதும் உறுதி. வருடத்துக்கு எத்தனை என்பதுதான் இன்னும் சண்டையில் இருக்கிறது. கதைக்கு இதில் ஒரு லாபம் உண்டு. தினம் ஆயிரம் என்றால் வாசகருக்கு அது வெறும் எண். வருடத்துக்கு ஒருவர் என்றால் அவருக்கு ஒரு முகம் வந்துவிடும்.

அப்படி ஒருவரைப் பற்றியும் பதிவு இருக்கிறது. டெஸ்கட்லிபோகா என்று இன்னொரு சாமி, "புகையும் கண்ணாடி" என்று பொருள். இரவு, சூனியம், விதி எல்லாம் அவர் பொறுப்பு. உங்கள் இருள் தெய்வத்துக்கு மிக அருகில் வருபவர் இவர்தான். வருடா வருடம் உடலில் ஒரு மறுகூட இல்லாத இளைஞன் ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு வருடம் அவன்தான் சாமி. புல்லாங்குழல் கற்றுக்கொடுப்பார்கள், நாசூக்காகப் பேசவும் பூ ஏந்தி நடக்கவும் பழக்குவார்கள். தெருவில் போனால் ஜனங்கள் விழுந்து கும்பிடுவார்கள். கடைசி நாட்களில் 4 பெண்களை மனைவியாக்கி வைப்பார்கள். விழா நாளில் அவன் தன் காலாலேயே கோயில் படி ஏறுவான், படிக்கு ஒரு புல்லாங்குழலை உடைத்துக்கொண்டே. மேலே போனதும் முடிந்துவிடும். அன்றைக்கே அடுத்த வருடத்துக்கு ஒருவன். ஸ்பானியத் துறவி ஒருவர் நாஹுவா முதியவர்களை (மெஷிக்காக்களின் மொழி பேசுகிறவர்கள்) உட்காரவைத்துக் கேட்டு எழுதிய பதிவில் இது இருக்கிறது. ஓர் ஆள் வாய்மொழி இல்லை, பலரிடம் கேட்டது, அதனால் சடங்கின் அமைப்பை நம்பலாம். அந்த இளைஞன் மனதுக்குள் என்ன நினைத்தான் என்பதற்கு எந்தச் சுவடியிலும் இடம் இல்லை. அது உங்கள் வேலை. தென் அமெரிக்காவில் இன்காக்களும் இதே மாதிரி ஒன்று செய்தார்கள். அர்ஜென்டினாவில் யுயாயாகோ என்ற மலையில் 6,700 மீட்டருக்கு மேல், 1999இல், உறைந்த நிலையில் 3 குழந்தைகளின் உடல்களைக் கண்டெடுத்தார்கள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். அவள் தலைமுடியைச் சோதித்ததில், சாவதற்கு ஒரு வருடம் முன்பிலிருந்து நல்ல சாப்பாடு கிடைத்திருக்கிறது, கோகா இலையும் மதுவும் கூடிக்கொண்டே போயிருக்கிறது என்று தெரிந்தது. யாரும் அவளைத் தெருவில் தரதரவென்று இழுத்துப் போகவில்லை. சீராட்டித்தான் கூட்டிப்போயிருக்கிறார்கள். எனக்கு உங்கள் முதல் அத்தியாயத்தைவிட இதுதான் வயிற்றைப் பிசைகிறது.

வகுப்பில் நான் ஒரு விளையாட்டு வைப்பேன். மாணவர்களை ஐந்தாறு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒரு ஊர் என்று சொல்லி ஒரு சீட்டுக் கொடுப்பேன். பேரரசு வந்துவிட்டது. தவணைக்கு 200 போர்வை, வருடத்துக்கு ஓர் ஆள். என்ன செய்வீர்கள்? அரை மணி நேரம் கொடுப்பேன். கலகம் செய்கிறோம் என்று எடுத்த எடுப்பில் சொன்ன குழு இத்தனை வருடத்தில் ஒன்றிரண்டுதான். மற்ற எல்லோரும் பத்தே நிமிடத்தில் "யாரை அனுப்புவது" என்பதற்கு விதி போட ஆரம்பித்துவிடுவார்கள். சீட்டுக் குலுக்கலா, வயதானவரா, கடனாளியா, வேறு ஊரில் இருந்து வந்து குடியேறியவரா. ஒரு வருடம் ஒரு குழு, பக்கத்துக் குழுவிடம் இருந்து ஆளை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், 40 போர்வை அதிகம் நெய்து தருகிறோம் என்று ஒப்பந்தமே எழுதிவிட்டது. எழுதிய பையன் தங்கமான பையன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று முகம் மாறியது. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், இருபது வயதுப் பிள்ளைகளின் விளையாட்டு. ஆனால் உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை என்பதை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, உங்கள் 300 வருடத்துக்கு வருவோம். மெஷிக்கா நூறு வருடம் தாண்டவில்லை. முந்நூறு ஆண்டுகளைத் தொட்டவர்கள் வேண்டுமென்றால், இன்றைய ஈராக்கின் வடபகுதியில் இருந்து ஆண்ட அசீரியர்கள். கி.மு. 911இல் இருந்து 609 வரை என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். மனிதப் பலியில் அவர்களுக்கு நாட்டம் இல்லை, ஆனால் அவர்களிடம் தோற்ற ஜனங்களுக்கு அஷுர் என்ற அவர்கள் சாமியின் பெயர் கேட்டாலே குலை நடுங்கும். இரண்டாம் அஷுர்நசிர்பால் கலகத் தலைவர்களின் தோலை உரித்துத் தூணில் போர்த்தியதாகத் தானே கல்லில் பொறித்து வைத்தார். அதே ராஜா கால்ஹு நகரத்தில் புது அரண்மனை கட்டியபோது 69,574 பேருக்குப் பத்து நாள் விருந்து போட்டதையும் அதே மாதிரி கல்லில் பொறித்தார். எத்தனை ஆடு, எத்தனை ஜாடி பீர் என்பது வரைக்கும் பட்டியல் இருக்கிறது. தோல் உரித்த கணக்கையும் விருந்துக் கணக்கையும் ஒரே கை எழுதுகிறது. ராஜா தன் பெருமைக்குச் சொன்னது என்பதால் இரண்டு எண்களையும் கொஞ்சம் தட்டிக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பயமுறுத்துவதும் பந்தி போடுவதும் சேர்ந்தால்தான் ஆட்சி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஆட்சியாளர்கள் ஒரு பந்திகூடப் போடவில்லை.

தோற்றவனின் சாமியை என்ன செய்வது என்பதில் அசீரியர்கள் கெட்டிக்காரர்கள். உங்கள் கதையில் பழைய கோயில்களை எல்லாம் இடித்துத் தள்ளிவிடுகிறார்கள், அது வீண் வேலை. சிலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதுதான் தந்திரம். கி.மு. 689இல் அசீரிய அரசர் சென்னகெரிப் பாபிலோனை நாசமாக்கினார், அந்த ஊர்ச் சாமி மார்துக்கின் சிலை அசீரியாவுக்குப் போனது. அவர் மகன் எசர்ஹத்தோன் காலத்தில் நகரத்தைத் திரும்பக் கட்ட முடிவு செய்தபோது ஒரு சிக்கல். அப்பா செய்தது தப்பு என்று சொல்ல முடியாது. அதனால் கல்வெட்டில் இப்படி எழுதினார்கள்: மார்துக்கே தன் ஜனங்கள் மேல் கோபப்பட்டு ஊரைக் கைவிட்டார், 70 வருடம் பாழாகக் கிடக்கட்டும் என்று விதிப்பலகையில் எழுதினார், பிறகு மனம் இரங்கிப் பலகையைத் தலைகீழாகத் திருப்பினார், 70 என்பது 11 ஆகிவிட்டது. களிமண்ணில் ஆப்பு வடிவக் கோடுகளாக அவர்கள் எழுதிய ஆப்பெழுத்தில் எழுபதைத் தலைகீழாக்கினால் உண்மையாகவே பதினொன்றுதான் வரும். சிலை கி.மு. 668இல் ஊர் திரும்பியது. இதில் யாரும் யாரையும் "உன் சாமி பொய்" என்று சொல்லவே இல்லை. "உன் சாமி நிஜம்தான், அவரே உன்னை விட்டுவிட்டு எங்களிடம் வந்துவிட்டார்" என்கிறார்கள். தோற்றவன் முதுகெலும்பை உடைக்க இதைவிடச் சிறந்த வாக்கியம் இல்லை. மெஷிக்காக்களும் தலைநகரத்தில் பிடித்துவந்த சாமிகளுக்கென்று தனிக் கட்டடமே வைத்திருந்தார்கள். நம்மவர்களும் இதற்கு விலக்கு இல்லை. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகர் இருக்கிறார், தாராசுரத்தில் இருந்து வந்தவர். பீடத்தில் "உடையார் ஸ்ரீவிஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்" என்று தமிழிலேயே எழுதியிருக்கும். சாளுக்கியர் தலைநகரைச் சூறையாடிச் சோழன் தூக்கி வந்தது. அடுத்த முறை தஞ்சைக்குப் போனால் அவர் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கல்யாணபுரத்துக்காரன் ஒருவன் வந்து நின்றால் அவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்தால் உங்களுக்கு ஓர் அத்தியாயமே கிடைக்கும்.

நினைவும் அப்படித்தான். 1428 வெற்றிக்குப் பின் மெஷிக்கா அரசர் இட்ஸ்கோவாட்ல் பழைய ஓவியச் சுவடிகளைக் கொளுத்தச் சொன்னதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் பொய் நிறைய இருக்கிறது என்பது காரணம். பிடித்து வைத்த நாட்டின் கடந்தகாலத்தைக் கொளுத்துவது எல்லோரும் எதிர்பார்க்கிற விஷயம். இவர் கொளுத்தியது தன் சொந்த ஜனங்களின் ஏழைப் பழங்கதையை. மறுபக்கமும் ஒன்று உண்டு. களப்பிரர் காலத்தை நாம் வெகுகாலம் "இருண்ட காலம்" என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். களப்பிரன் என்னும் கலியரசன் நாட்டைப் பிடித்துக்கொண்டான் என்று சொல்வது வேள்விக்குடிச் செப்பேடு. அதை வெளியிட்டது 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியன், அதாவது களப்பிரரை விரட்டியவர்களின் வாரிசு. அதுவும் பறிபோன பிரமதேய நிலத்தை, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த நிலத்தை, திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் ஆவணம். களப்பிரர் தரப்பு வாதம் அதில் எப்படி இருக்கும்? அவர்கள் காலம் என்று கருதப்படும் நூற்றாண்டுகளில்தான் பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் பல எழுந்தன என்று சொல்கிறவர்கள் உண்டு. காலக்கணிப்பில் ஒத்த கருத்து இல்லை, அதனால் இதை அடித்துச் சொல்ல மாட்டேன். உங்கள் இருள் ஆட்சியைப் பற்றிக் கதை சொல்பவர் யார், அவருக்கு நிலம் திரும்பக் கிடைத்ததா இல்லையா என்று பாருங்கள். 300 வருடம் என்றால் பத்துப் பன்னிரண்டு தலைமுறை. பழைய வெளிச்சக் காலத்தை நேரில் பார்த்தவரின் பேரனுக்குப் பேரன்கூட உயிரோடு இல்லை. ஆனாலும் உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அதை நேற்று நடந்தது போலப் பேசுகிறார்கள்.

என் படிப்பு உதவாத ஓர் இடம் உண்டு. உங்கள் உலகத்தில் சாமி நிஜமாகவே இருக்கிறது, கேட்டால் பதில் சொல்கிறது. வரலாற்றில் அப்படி ஒரு தரவு என்னிடம் இல்லை. அதனால் இதை வெறும் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். பலி கொடுத்தால் உண்மையிலேயே மழை வரும் என்றால், பலி கொடுக்க மறுப்பவன் பக்கத்து ஊரைப் பட்டினி போட்டுக் கொல்கிறான் என்று ஆகிவிடும். உங்கள் கலகக்காரக் கதாநாயகன் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது அவன் பதில் சொல்லாமலே வாளை உருவிவிடுகிறான். இந்தக் கணக்கு மெஷிக்காக்களுக்கு வெறும் கற்பனையாக இருக்கவில்லை. 1450களின் தொடக்கத்தில் பனியும் வறட்சியும் சேர்ந்து பெரும் பஞ்சம். "ஒன்று முயல்" என்று அவர்கள் குறித்த 1454 உச்சம். சோளத்துக்காகப் பெற்ற பிள்ளைகளையே விற்றார்கள். வாங்கியது யார் தெரியுமா? கடற்கரை டோடோனாக்குகள், மேலே பூங்கொத்து அதிகாரிகள் முன்னால் நடுங்கினார்களே, அவர்களின் முன்னோர்கள். பெருங்கோயிலில் மழைச் சாமி டிலாலோக் பக்கத்தில் 42 குழந்தைகளின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. அதை இந்தப் பஞ்சத்தோடு இணைத்துப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள். பஞ்சத்துக்குப் பின் பேரரசின் போரும் பலியும் கூடின என்றும் ஒரு வாதம் இருக்கிறது. இதனால்தான் அது நடந்தது என்று நிறுவுவது கஷ்டம். ஆனால் பசியில் பிள்ளையை விற்ற ஊர், மறுபடி அந்த நிலைமை வராமல் இருக்க எதையும் கொடுக்கும் என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வு தேவை இல்லை.

இப்படிப்பட்ட ஆட்சிகள் எப்படி விழுந்தன என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவன் வந்து முடிக்கிறான். மெஷிக்கா விஷயத்தில் முடித்தது பக்கத்து வீட்டுக்காரன். டிலாஷ்காலா என்ற ஊர்க் கூட்டம் கடைசி வரை பணியவில்லை. சுற்றிலும் மெஷிக்கா நாடு, உப்பும் பருத்தியும் உள்ளே வராது, அவ்வப்போது பலிக்குக் கைதி பிடிக்கும் சடங்குப் போர் வேறு. ஸ்பானியர்கள் வந்ததும் முதலில் அவர்களோடு மோதிப் பார்த்துவிட்டு, பிறகு கூட்டுச் சேர்ந்தார்கள். 1521 ஆகஸ்டில் டெனோச்டிட்லான் விழுந்தபோது வெளியே நின்ற படையில் ஸ்பானியர் சில நூறு பேர்தான், உள்ளூர்க்காரர்கள் பல்லாயிரம். அதற்கு முந்தின வருடமே பெரியம்மை நகரத்துக்குள் புகுந்து பாதி வேலையை முடித்திருந்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம், பிடித்த என்றால் தூக்கம் கெடுக்கும் இடம். மேலே சொன்ன அந்த வரிப் பட்டியல் சுவடி இருக்கிறதே, அதை வரையச் சொன்னது புது ஆட்சிக்காரர்களுக்காக. எந்த ஊர் எவ்வளவு கட்டிக்கொண்டிருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? இதயம் பறிப்பது நின்றது. வரி நிற்கவில்லை. வாங்கிய சாமியின் பெயர் மட்டும் மாறியது.

கடைசியாக உங்கள் முதல் அத்தியாயத்தை எப்படி மாற்றலாம் என்று கேட்டதற்கு. அந்த வீரர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களுக்குப் பதில் ஒரே ஒரு வரி அதிகாரி வரட்டும், வருகிற நாள் ஊருக்கு முன்பே தெரிந்திருக்கட்டும், வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருக்கட்டும். அந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தது ஊர்க் கூட்டமாக இருக்கட்டும், அதில் அவளுடைய தாய்மாமனும் கை தூக்கியிருக்கட்டும். அவள் புது உடையில் தானே நடந்து போகட்டும். பிறகு மறுநாள் காலை அவள் அம்மா கதவைத் திறந்தபோது வாசலில் யார் யார் என்னென்ன கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள் என்பதில் இருந்து இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்கிப் பாருங்கள்.